கடலடிக் கூட்டத்தில் ஓரின்

ஓரின் பெல்கியின் உயரம் நாலடி. அவன் சர்க்கஸில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசியதில்லை. சர்க்கஸை விட்டுவிட்டு ஹாலிவுட்டில் சினிமா வேலைக்குப் போனதையும் அவர் நம்பவில்லை. "சர்க்கஸ் கூடாரத்துக்குத்தான் புதுப் பேரு வச்சிருக்கான்," என்றார்.

ஒரே படத்தில் மூன்று வருடம் வேலை. ஊரறிந்த பழைய நாவல் ஒன்றின் கதை. நீர்மூழ்கிக் கப்பல், கடலுக்கடியில் வாழும் நாலடி உயர விநோத மனிதர்கள். அந்தக் கூட்டத்தில் ஓரினும் ஒருவன். முகத்தை முழுக்க மூடிய ரப்பர் முகமூடி. என்றைக்காவது அப்பா பார்த்தால் அடையாளம் தெரியட்டுமே என்று இடது தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அந்த நடை இயக்குநருக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளே எண்பது பேரையும் அப்படி நடக்க வைத்தார். பிறகு அவர் விலகி வேறொரு இயக்குநர் வந்தார். அதுவரை எடுத்ததெல்லாம் ஊமைப்படம்; அதற்குள் பேசும்படம் வந்துவிட, கப்பல் தலைவர் பேசும் சில காட்சிகளை மட்டும் ஒலியோடு எடுத்து நடுவில் சேர்த்தார்கள். பழையதில் எது மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது.

படம் சொந்த ஊரான ஃப்ரெஸ்னோவுக்கு வந்தபோது, தங்கை லியோட்டா எப்படியோ பேசி அப்பாவையும் ஓரினோடு தியேட்டருக்கு அழைத்து வந்தாள்.

திரையில் கப்பல் தலைவர் கணீரென்று பேசினார். திடீரென்று வாய் மட்டும் அசைந்தது. வசனம் எழுத்தாக வந்தது.

"அந்தாளுக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, இது ஊமைப் பகுதி," என்றாள் லியோட்டா.

"டிக்கெட் குடுக்கறப்ப சொல்லலையே."

கடலடிக் கூட்டம் வந்தது. அத்தனை பேருக்கும் இடது தோள் தூக்கியிருந்தது.

"இதுல நீ எவன்டா?"

"அந்தப் பாறை பக்கத்துல..." ஓரின் உற்றுப் பார்த்தான். "இல்லப்பா, அது நானில்ல போல. பின்னாடி நிக்கிறவனோ என்னவோ."

"உன்னையே உனக்குத் தெரியலையாண்ணா?" என்றாள் லியோட்டா.

எவனையாவது காட்டியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணு வருஷம் நடிச்சேம்ப்பா. எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் லியோட்டா கோட்டை எடுத்தாள். அப்பா எழவில்லை.

"இதே டிக்கெட்ல அடுத்த ஆட்டமும் பாக்கலாமில்ல?"

"பாக்கலாம். ஏம்ப்பா?"

"பொய் சொல்றவனா இருந்தா முதல் ஆளயே காட்டியிருப்பான்." ஓரினின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "நீ வலப்பக்கம் நிக்கிறவங்களப் பாரு. இடப்பக்கம் நான் பாத்துக்கறேன்."