கடைசி லெவலின் வராந்தா

வேலைக்காகப் போன ஊரான கழக்கூட்டத்தில், விடுதியில் எனக்கு அறைத்தோழராக வாய்த்தவர் மார்த்தாண்டத்துக்காரர். ஒட்டிய கன்னம், கண்ணைச் சுற்றிக் கருவளையம். புதிய வீடியோ கேம்களுக்கு இணையத்தில் விமர்சனம் எழுதுவார். மற்றவர்கள் அரை மணி நேரம் ஆடிவிட்டு எழுதிவிடுவார்கள். இவர் மூன்று முறை முழுதாக முடிக்காமல் ஒரு வரி எழுதமாட்டார்.

எங்கள் சின்ன கம்பெனியின் கேம் வெளியானபோது, அதில் என் வேலையும் உண்டு என்று அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் முறையும் முடித்துவிட்டு அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டேன்.

"தொடக்கம் கொள்ளாம் மக்கா. கடைசி லெவல்தான் சரியில்ல. ஒரு நீள வராந்தா, ரெண்டு பக்கமும் கதவு. ஒண்ணுகூட திறக்கல்ல. செய்தவன் மனசு இதில இல்ல, கேட்டியா. வேற எதுக்கோ காத்துக் கெடந்திருக்கான்."

"அதையும் எழுதுவீங்களா?"

"எழுதாம பின்ன? ரெண்டு ஸ்டார்தான்."

அந்த லெவலைச் செய்தது நான். அவர் பழக்கமாவதற்கு முன்பு, அப்பா ஐசியுவில் கிடந்த ஒன்பது நாளும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துச் செய்தது. அப்பா வீடு திரும்பவில்லை.

துக்கம் கேட்க எத்தனையோ பேர் வந்தார்கள். அந்த நாட்களில் நான் எப்படிக் கிடந்தேன் என்று சரியாகச் சொன்னவர், எதுவும் தெரியாத அவர் ஒருவர்தான்.