கம்பியில்லாமல் பேசிய இடியாப்பக்காரி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இடியாப்பக்காரி பூவம்மாவைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் கப்பலை விட்டு இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் காது கேளாதவராக இருக்க வேண்டும். விடியற்காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு "இடியாப்போம்" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், சுண்ணாம்புக் கம்பம் என்று தமிழர் அழைத்த அந்தப் பேட்டையின் இந்த முனையில் தூங்குகிறவனும் எழுந்துகொள்வான், அந்த முனையில் தூங்குகிறவனும் எழுந்துகொள்வான். கடிகாரம் இல்லாத வீடுகளில் அவள் குரலை வைத்துத்தான் அடுப்பு மூட்டினார்கள்.

அப்பேர்ப்பட்ட வாயிலிருந்து ஒரே ஒரு சொல் மட்டும் வராது. அது அவள் புருஷன் பெயர்.

கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருமே நம்பினார்கள். பூவம்மா கொஞ்சம் கூடுதலாகவே நம்பினாள். புருஷன் பெயர் வேலாயுதம். அதில் பாதியைச் சொல்வதும் பாவம்தானே என்று, தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் ஊரே "வேல், வேல்" என்று முழங்கும்போது இவள் மட்டும் "அரோகரா" போட்டுச் சமாளிப்பாள். ஜனக்கணக்கு எடுக்க வந்த உத்தியோகஸ்தர் புருஷன் பெயரைக் கேட்டபோது பக்கத்து வீட்டுக் கதீஜாவைக் கூப்பிட்டுத்தான் சொல்லவைத்தாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை.

வேலாயுதம் இருக்கிற இடம் தெரியாத மனிதர். மோட்டார்ப் பட்டறையில் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றுகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், அந்தப் பட்டறைக்குக் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தாரின் பேட்டரிகள் வரத் தொடங்கின. துரைமார் சிலர், சீனர் சிலர், கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த தனசேகரன் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த சங்கம் அது. யாருக்கும் அதில் காலணா வருமானம் கிடையாது. ஆபீஸ் விட்டதும் கூரைமேல் ஏறிக் கம்பி கட்டுவதும், காதில் குழாயை மாட்டிக்கொண்டு கொர்ரென்ற சத்தத்தைக் கேட்டுப் பூரிப்பதும்தான் அவர்கள் வேலை. ஒரு சாயங்காலம் தனசேகரன் அந்தக் காதுக்குழாயை வேலாயுதத்தின் காதில் மாட்டிவிட்டார். கடலுக்கு அப்பால் எங்கேயோ யாரோ பிடில் வாசிப்பது கேட்டது. அன்றைக்குப் பிடித்த பித்து பிறகு இறங்கவேயில்லை.

சங்கத்தார் பொதுஜனங்களுக்கு ஒரு காட்சி நாள் நடத்தத் தீர்மானித்தபோது, "எங்க தெருவுல வைங்க, கூட்டத்துக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவர் வேலாயுதம்தான். டங்ளின் பக்கம் ஒரு துரையின் பங்களாவிலிருந்து பேசுவது, இரண்டு மூன்று மைல் தள்ளி சிராங்கூன் சாலையில் ஒலி முகம்மது மரைக்காயர் கடை முன்னால், அஞ்சடி நடைபாதையில் வைத்த பெரிய குழாயில் அது கேட்பது என்று ஏற்பாடு. மரைக்காயர் கடையில் டெலிபோன் இருந்தது. பங்களாவிலும் இருந்தது. எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அதில் தகவல் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருவன் அதே தெருவுக்குப் 'பேசும் பெட்டி' கொண்டுவந்து, ஆகாயத்தில் பேசுகிற தேவதை என்று காசு வசூல் பண்ணிவிட்டுப் போனான். பெட்டிக்குள்ளே கிராமபோன் இருந்தது பிறகுதான் தெரிந்தது. சூடு கண்ட பூனையாக இருந்த ஜனங்களை வேலாயுதம் வீடு வீடாகப் போய் அழைத்தார். "இதுவும் ஏமாத்து வேலையா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க" என்று வேறு சொல்லிவைத்தார். பேசத் தெரியாதவர் பேசினால் இப்படித்தான் ஆகும்.

தெருவுக்கே தெரிந்த குரலாக இருந்தால் ஜனம் நம்பும் என்று சொன்னது தனசேகரன். தெருவுக்கே தெரிந்த குரல் யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் பூவம்மா தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு டங்ளின் பங்களாவில் போய் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினாள். உள்ளே மேஜை நிறையக் கம்பிச் சுருள்கள், சிவப்பாக எரியும் கண்ணாடிக் குமிழ்கள். நடுவில், மாவு சலிக்கிற சல்லடையைச் சின்னதாக்கி நிறுத்திவைத்தாற்போல ஒரு டப்பா. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இதுல பேசினா அங்க கேக்குமா? நடுவுல ஒரு கம்பிகூட இல்லையே" என்றாள் தனசேகரனிடம்.

"கேக்கும்மா. ஆனா மெதுவாப் பேசணும். வீட்டுக்குள்ள பேசற மாதிரி."

"வீட்டுலயும் நான் இப்படித்தாங்க பேசுவேன்."

நாலு மணிக்குத் துரை கையைக் காட்டினார். பூவம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. தலையில் கூடை இருக்கிற மாதிரியே நிமிர்ந்து, வயிற்றிலிருந்து எடுத்து ஒரு "இடியாப்போம்" போட்டாள். மேஜைமேல் இருந்த அளவுக் கருவியின் முள் ஒரே தாவாகத் தாவி மறுபக்கம் முட்டியது. துரை காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த நிமிஷம் டெலிபோன் அடித்தது.

"கடையில கண்ணாடி ஜாடியெல்லாம் அதிருதாம், மரைக்காயர் சொல்றாரு. கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்றார் தனசேகரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தள்ளி உட்கார்ந்து, குரலைத் தணித்து, மறுபடி கூவினாள். தேங்காய்ப்பூ உண்டு, நாட்டுச் சர்க்கரை உண்டு என்று தினமும் சொல்கிற அத்தனையும் சொன்னாள். டெலிபோன் மறுபடி அடித்தது. நன்றாகக் கேட்கிறதாம். முந்நூறு பேர் கூடிவிட்டார்களாம். ரிக்‌ஷாக்கள் அப்படியே நிற்கின்றனவாம். பூவம்மாவுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. தான் இங்கே, தன் குரல் அங்கே. இதைவிட அதிசயம் உலகத்தில் உண்டா என்று நினைத்தாள். உண்மையாகவே அன்றைக்கு அதைவிட அதிசயம் சிங்கப்பூரில் கிடையாது.

நாலே முக்காலுக்கு மூன்றாவது முறை டெலிபோன் அடித்தது. இந்தத் தடவை தனசேகரன் முகம் மாறிவிட்டது.

"என்னங்க ஐயா?"

"பால்காரர் சுப்பிரமணியம் கிளப்பிவிட்டுட்டாராம். தினமும் ஒரே மாதிரி கூவறவதானே, பிளேட்டுல புடிச்சுட்டாங்க, பெட்டிக்குள்ள கிராமபோன்தான் இருக்குங்கறாராம். ஜனம் கலையுது. உங்க வீட்டுக்காரரைச் சுத்திக்கிட்டு நாலு பேரு சட்டையப் புடிச்சுக் கேக்கறாங்களாம்."

பூவம்மாவுக்குச் சுருக்கென்றது. சட்டையைப் பிடித்தால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் செய்ய மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். நாளைக்கு அந்தத் தெருவில் எப்படி நடப்பார், ஏமாற்றுக்காரன் பெண்டாட்டி விற்கிற இடியாப்பத்தை யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் பிறகு. குனிந்த அந்தத் தலைதான் அவள் கண்ணில் நின்றது.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

தனசேகரன் தயங்கினார். "சுப்பிரமணியம் ஒரு சோதனை வச்சிருக்காரு. நெசமாவே அது வேலாயுதம் சம்சாரம்னா, புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், நம்பறேன்னு. ஒரே ஒரு சொல்லும்மா. அஞ்சு மணிக்கு மேல பேச நமக்கு சர்க்கார் உத்தரவு கிடையாது."

பூவம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, உங்க வீட்டு அம்மா உங்க பேரைச் சொல்வாங்களா?"

என்ன தாமதம் என்று துரை இங்கிலீஷில் கேட்டார். தனசேகரன் விளக்கிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் இங்கிலீஷ் போதாமல் விட்டுவிட்டார்.

சுவரில் கடிகாரம் பத்து நிமிஷம் பாக்கி என்று காட்டியது. பூவம்மா உதட்டைக் குவித்துப் பார்த்தாள். முதல் எழுத்து நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் சட்டையை விடுவார்கள். சொன்னால் ஆயுசு குறையும். அப்படி ஊரறியச் சொல்லி, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? வந்த எழுத்தை விழுங்கிவிட்டாள். விழுங்கின இடத்திலிருந்து கோபம் கிளம்பியது. யார்மேல் என்று யோசித்தாள். வேறு யார்மேல், அந்தப் பால்காரர்மேல்தான்.

"ஐயா, இப்ப நான் பேசினா அந்தப் பால்காரருக்குக் கேக்குமா?"

"எல்லாருக்கும் கேக்கும்."

பூவம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பால்கார சுப்பிரமணி அண்ணே, உங்களத்தான். நான் என்னமோ பிளேட்டுங்கறீங்களாமே. எங்க வீட்டுக்காரர் பேரை நான் சொல்லணுமா? அதை நான் சொல்ல மாட்டேன். பதினோரு வருஷமா சொன்னதில்ல, உங்களுக்காகச் சொல்லப்போறதும் இல்ல. உங்க வீட்டு சிவகாமி அண்ணி அங்கதான் நிப்பாங்க, அவங்க வராத கூட்டம் ஏது? முதல்ல அவங்க உங்க பேரை அத்தனை பேருக்கு நடுவுல ஒரு தடவை சொல்லட்டும். அவங்க சொன்னா நானும் சொல்றேன். அண்ணி, சொல்லுங்க. நான் காத்திருக்கேன். அப்பறம் அண்ணே, அவரு சட்டையை விடச் சொல்லுங்க. அது நேத்துத்தான் தொவைச்சது."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டெலிபோன் அடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் பாக்கி. மூன்று நிமிஷம். தனசேகரன் தாமே டெலிபோனில் கூப்பிட்டு, குழாயைக் காதில் வைத்தார். வைத்தவர் ஒன்றும் பேசாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு குழாயைப் பூவம்மாவிடம் நீட்டினார்.

அதற்குள்ளே தெருவே இருந்தது. கதீஜாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அதற்கு மேலே மரைக்காயரின் குரல்.

"பூவம்மா, கேக்குதா? சிவகாமி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு மூணு கடை தள்ளி ஓடிருச்சு. பொம்பளைங்கெல்லாம் பிடிச்சு இழுத்துட்டு வர்றாங்க, வாயத் தொறக்க மாட்டேங்குது. சுப்பிரமணியமே சொல்றாரு, 'பிளேட்டு எங்கய்யா பதில் பேசும், இது அவதான்'னு. போன ஜனமெல்லாம் திரும்பி வந்துருச்சு. ஒன் வீட்டுக்காரரத் தோளுல தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. கீழ எறக்கினாத்தானே போன்ல பேசுவாரு, இரு."

தடபுடவென்று ஏதோ சத்தம். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

"பூவு" என்றார் வேலாயுதம். "கேட்டுச்சு. பக்கத்துல நிக்கிற மாதிரி கேட்டுச்சு. இனிமே எவனும் ஒரு வார்த்த பேச முடியாது." மூக்கை உறிஞ்சினார். அழுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

பூவம்மா குழாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "ஐயா, அந்த டப்பாவை மூடிட்டீங்களா?"

"மணி அஞ்சாச்சும்மா. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு."

"அப்ப இதுல பேசறது?"

"இது டெலிபோன். அவர் காதுக்கு மட்டுந்தான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையைத் தலைமேல் இழுத்து, டெலிபோன்மேலும் போட்டு மூடினாள். முந்நூறு பேர் கேட்டும் கொடுக்காததை இந்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆயுசைப் பார்த்துக்கொள் முருகா என்று மனசுக்குள் ஒரு வேண்டுதல் வைத்தாள். சிராங்கூன் சாலை கேட்டேயிராத சின்னக் குரலில் சொன்னாள்:

"வேலாயுதம்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. அந்த மூச்சு மறுபடி கேட்கும்வரை முந்தானைக்குள் அவள் அப்படியே நின்றாள்.

"என்னம்மா, லைன் போயிருச்சா?" என்றார் தனசேகரன்.

"இல்லைங்க ஐயா" என்றாள் பூவம்மா. "இருக்காரு."