ஒர்னெல்லா தனக்காகத் திறந்த பக்கம்

இடக்கையில் சமையலுக்கான ஆர்ட்டிசோக் மொட்டைச் சுழற்றிக்கொண்டே வலக்கைக் கத்தியால் முரட்டு இதழ்களைச் சீவி, எலுமிச்சைத் தண்ணீரில் போடுகிறாள் ஒர்னெல்லா. அதன் சாறு பட்டுக் காலையிலேயே விரல்கள் கறுத்துவிடும். ரோம் நகரில் எங்கள் பேட்டைச் சந்தைக்கு வருகிறவர்களில், அவளிடம் காய் வாங்குகிறவர்களைவிடப் பலன் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

தராசுக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த பள்ளிப் புத்தகம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய லத்தீன் கவிதைகள். கேள்வியை மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும். கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, கட்டைவிரல் பட்ட வரியைப் படித்துச் சொல்வாள். "ஒரு கேள்விக்கு ஒரு தடவதான். கவிஞர் என்ன உங்க வீட்டு வேலைக்காரரா?"

எதிர்க்கடையில் முட்டை விற்கும் இரிடே அவளுடைய கூடப்பிறந்த தங்கை. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறை வாசலில் வெடித்த சண்டை. பதினோரு ஆண்டுகளாக, எட்டடி தூரத்தில், ஒரு சொல் கிடையாது.

போன சனிக்கிழமை இரிடே கடையைக் காலி செய்தாள். வடக்கே டுரின் நகரில் இருக்கும் மகனிடம் நிரந்தரமாகப் போகிறாள். வண்டி சந்தை வாசலில் நின்றது. அன்றுதான் ஒர்னெல்லா முதல்முறையாகத் தனக்காகப் புத்தகத்தைத் திறந்தாள்.

"தொழுவத்துல புகை போடணுமாம்," என்றாள், உதட்டைப் பிதுக்கி. மூடினாள். மறுபடி திறந்தாள். "கப்பலுக்குத் தார் பூசணுமாம். நாசமாப் போக!"

மூன்றாம் முறை விரல் நீண்டபோது, வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் நெல்லோ சிரித்தார். "ஏம்மா, எங்களுக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே பலன்தானே சொல்லுவே? நாள் ஓடுது, இன்னிக்கே செய்யின்னு. தார் வரி எனக்கு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"வாய மூடு, கெழவா. அவ என்னைச் சொன்ன சொல்லு உனக்குத் தெரியுமா?"

"சந்தைக்கே தெரியும். நீ சொன்னதும் தெரியும்."

ஒர்னெல்லாவின் கண்கள் நிறைந்தன. கத்தியைக் கீழே வைத்தாள். நடைபாதையைக் கடந்தாள். கடைசி முட்டைப் பெட்டியைத் தனியாகத் தூக்க முடியாமல் தங்கை மூச்சுவாங்கி நின்றிருந்தாள். ஒர்னெல்லா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து, இரிடே மறுமுனையைப் பிடிக்கும்வரை, அப்படியே குனிந்து நின்றாள்.