ஆரத்திக்கு நின்ற பந்தயக் குதிரை

கல்யாணக் குதிரையைப் பந்தயத்துக்கு இழுத்து வந்தது என் புத்திதான். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில வாத்தியார். பல வருடமாகத் தற்காலிகம். அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் புழுதி தின்றுகொண்டே போய் வருகிறேன். போன வருடம் தாளாளர் வாய்விட்டுச் சொன்னார்: "ஆண்டு விழாவுல புதுசா ஏதாவது பண்ணிக் காட்டுங்க சார். உங்கள நிரந்தரம் பண்ணிடறேன்."

நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்தை எடுத்துக்கொண்டேன். நம் ஊர் வண்டிப் பந்தயம்போல நேர் ரோட்டில் ஓடுவதல்ல அது. வழியெல்லாம் வேலியும் வாய்க்காலும். தாண்டித் தாண்டித்தான் ஓட வேண்டும். ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். மழை, சேறு, வேலிக்கு வேலி விழுகிற குதிரைகள். கடைசியில் யாரும் சீந்தாத ஒரு குதிரை ஜெயிக்கிறது. அந்தக் குதிரை நான்தான் என்று தோன்றிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிப்போனது. அதையே நாடகமாக எழுதினேன். பிள்ளைகள் அட்டைக் குதிரைகளோடு விழுவார்கள். கடைசி வேலியை நிஜக் குதிரை தாண்டும்.

லப்பைக்குடிக்காட்டில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற ஒரு வெள்ளைக் குதிரை கிடைத்தது. "முழங்கால் உசரந்தான சார், தாண்டிரும். நானே ஏறி ஓட்டறேன்" என்றார் குதிரைக்கார பாய். ஒத்திகையில் அழகாகத் தாண்டவும் செய்தது.

விழாவன்று சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். நாடகத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் விழுந்து, பாய் குதிரையைத் தட்டிவிட்ட நேரம் பார்த்து விருந்தினரின் கார் மைதானத்துக்குள் நுழைந்தது. அவரை வரவேற்க டீச்சர்கள் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து, சரியாக அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றார்கள். பாய்ந்து வந்த குதிரை தட்டைப் பார்த்தது. நின்றுவிட்டது.

"ஓட்டுங்க பாய்!" என்று கத்தினேன்.

"நகராது சார். ஊர்வலத்துல பழகுனது. தட்டப் பாத்தா நிக்கும், சுத்தி முடிச்சாத்தான் கால எடுக்கும்."

"அப்பச் சுத்தித் தொலைங்க டீச்சர்!"

"சீப் கெஸ்ட்டுக்குக் கரைச்ச ஆரத்திய குதிரைக்குச் சுத்தச் சொல்றீங்களா?" என்று கணக்கு டீச்சர் முறைத்தார்.

அடப்பாவிகளா! அதற்குள் பேண்டு வாத்தியப் பையன்கள் மேளத்தை அடித்துவிட்டார்கள். மேளம் கேட்டதும் குதிரை நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தது. தனக்குத்தான் இந்தக் குதிரை வரவேற்பு என்று விருந்தினருக்கு ஒரே பூரிப்பு. பாயை இறக்கிவிட்டு அவரே ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டார். தாளாளருக்கு வாயெல்லாம் பல். என் வேலியை யாரோ ஓரமாகத் தூக்கிப் போட்டார்கள்.

மறுநாள் தாளாளர் அறைக்குப் போனேன். "அசத்திட்டீங்க சார்!" என்றார்.

"சார், அந்த நிரந்தரம்..."

"அதப் பாப்போம். நாடகந்தான் பாதியிலயே நின்னுபோச்சே. மொதல்ல அந்த பாய்க்குப் போன் போடுங்க. இனிமே வருஷா வருஷம் நம்ம விழாவுக்கு அந்தக் குதிரைதான்னு பேசி முடிச்சிருங்க."

அவர் முன்னாலேயே நின்றுகொண்டு நான்தான் பேசி முடித்தேன்.