மூடியின் நடுவே வைத்த கால்

எங்கள் பட்டறை மேலூர்ச் சாலையில் இருக்கிறது. பாட்டனார் அங்கே தகர டிரங்குப் பெட்டி செய்தார். தந்தையார் இரும்பு பீரோவுக்கு மாறினார். நான் கடைசி வரை பீரோவே செய்தேன், கேட்பார் அருகினர். பொறியியல் படித்த என் மகள் பொறுப்பேற்று, மருத்துவக் கருவிகளை எடுத்துச் செல்லும் அலுமினியப் பெட்டிகளுக்குப் பட்டறையைத் திருப்பினாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் முன்னிலையில் சரக்கைக் கிடத்தி, முதலாளி அதன்மேல் ஏறி நின்று காட்டுவார். அதில் ஒரு சூட்சுமம்: தகடு மடிந்து இரட்டிக்கும் ஓரங்களில்தான் பாதங்களை ஊன்றுவோம். நடுவில் மிதித்தால் எந்தத் தகடும் குழியும்.

முதல் பெரிய ஆர்டருக்காக ஒரு நிறுவனத்தார் இருவர் மாதிரிப் பெட்டியைக் காண வந்தனர். அந்த ஆர்டரை நம்பியே மகள் புதிய இயந்திரம் இறக்கியிருந்தாள்.

"அப்பா, ஏறிக் கீறிக் காட்டிராதீங்க. இது தூக்கிட்டுப் போற பெட்டி" என்று காலையிலேயே எச்சரித்தாள்.

வந்தவர்களில் மூத்தவர் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "அம்புட்டு லேசு! இந்தப் பட்டறையில இதுதாம்மா உருப்படியான சரக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பெரியவரே, பீரோ மேல ஏறுவீகளாமே, இதுல ஏறுவீகளா?"

"மொதலாளி ஏறுனா லாரியே படுத்துரும்ணே" என்றார் எங்கள் வெல்டர். எல்லோரும் சிரித்தனர்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஓரத்தில் அல்ல, மூடியின் நடுவில் முழு எடையையும் வைத்தேன். தவறி வைத்ததாக இன்றுவரை எவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தே வைத்தேன். மூடி குழிந்தது.

"என் தப்புதான் சார். தகடு மெல்லிசாப் போட்டுட்டேன்" என்றாள் மகள். நான் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அவர்கள் கனமான தகடு கேட்டனர். செய்து கொடுத்தாள். செவிலியர்களால் தூக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினர், ஆர்டர் வரவில்லை. அதன்பின் அவள் நாள்தோறும் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்ததைக் காணப் பொறாமல், ஒரு பிற்பகலில் உண்மையைச் சொன்னேன்.

அவள் தலை நிமிரவில்லை. "நீங்க காலை எங்க வச்சீங்கன்னு அன்னைக்கே பாத்தேன்ப்பா."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வந்தவுங்க முன்னால எங்கப்பாவ என்னன்னு சொல்ல?" வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்துக்கொண்டே, "நாளைக்கு வேற கம்பெனிக்காரங்க வாராங்க. நீங்க வர வேணாம்" என்றாள்.

மறுநாள் வழக்கம்போல் குளித்து, சலவை வேட்டி சட்டை அணிந்தேன். மாலைவரை வீட்டிலேயே அமர்ந்திருந்தேன்.