ஆஸ்பத்திரி வாசல் டாக்ஸியும் அதன் சத்தமும்

காரின் சத்தத்தைக் குறைப்பது பெரிய காரியமில்லை, எஞ்சினின் இழுவை குறையாமல் குறைப்பதுதான் வேலை என்று என்னிடம் முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது, தென்காசியில் வீட்டு முன்பக்கத்திலேயே சைலன்சர் பட்டறை போட்ட புதிதில். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் சாமி கும்பிடுகிற தாய்மாரே, என் பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

நார் வைத்தியம்

சுடலைமுத்து அண்ணாச்சியின் பழைய டாக்ஸிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தம். பிள்ளை பார்க்க வந்த சனத்தை அப்படியே குற்றாலத்துக்கு ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. வண்டி வந்து நின்றால் உள்ளே தொட்டில் பிள்ளைகள் ஒருமிக்க அழும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிக் கூட்டம் வருமுன் சத்தம் அடங்காவிட்டால் அந்த இடம் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள்.

எங்களிடம் வந்திருக்கலாம். அண்ணாச்சி புகைக்குழாய்க்குள் தேங்காய் நாரைத் திணித்தார்! ஐந்தருவி மேட்டில் மூச்சு முட்டி வண்டி நின்றது; பின்னால் நார் புகைந்தது. வேர்த்து விறுவிறுக்கத் தள்ளிய கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டாராம்: "ஏ தம்பி, அருவியில குளிக்கலாம்னு சொன்னே, ரோட்டுலயே குளிப்பாட்டிட்டியே?"

காது என்னுடையது

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சுத்தியல் அடித்து அடித்து என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அதனால் சத்தம் குறைந்ததா என்று சொல்ல வேண்டியது நான். விளக்கேற்றி உட்கார்ந்தால் போதும், வாசலில் அந்த டாக்ஸி உறுமும். நான் முணுமுணுக்கிற போற்றி என் காதிலேயே விழுந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சைலன்சருக்குள் தடுப்புத் தகடு வைத்தார். சத்தம் போயிற்று, இழுவையும் போயிற்று. தகட்டை எடுத்தார். இழுவை வந்தது, சத்தமும் வந்தது. வாரக்கணக்கில் என் பூஜை இந்த லட்சணத்தில் நடந்தது. போற்றி இன்னும் கேட்கவில்லை என்று நான் உள்ளேயிருந்து கையை ஆட்ட, அண்ணாச்சி ஜன்னலுக்கு வந்து கெஞ்சினார்: "மதினி, நீங்க கொஞ்சம் சத்தமாத்தான் கும்பிடுங்களேன், இன்னைக்கே வண்டிய எடுத்துட்டுப் போயிருதேன்."

மேட்டில் ஒரு சந்தேகம்

கடைசியில் புகை நேரே போக, பக்கமெல்லாம் துளை போட்ட குழாய் ஒன்று வைத்தார். அதைச் சுற்றிப் பெரிய உருளை. நடுவில் லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள். புகைக்குத் தடையில்லை, சத்தம் சுருளில் அமுங்கியது. என் போற்றி என் காதில் விழுந்த அன்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வெள்ளோட்டத்துக்கு ஆள் நிறைய ஏற்றி ஐந்தருவி மேட்டுக்குப் போனார்கள். வண்டி சுகமாக ஏறியது. ஆனால் பின்னால் இருந்த திருவேங்கடத்து ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏ ஐயா, எஞ்சினைப் போடாம மேட்டுல ஏத்துதியே, பின்னால உருண்டா யாரு பிடிப்பா?"

டாக்டரம்மாவின் தீர்ப்பு

சாரல் தொடங்கியது. வண்டி பூனை மாதிரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. ஒரு பிள்ளையும் அழவில்லை. அண்ணாச்சிக்கு இடம் நிலைத்தது என்று நானும் ஒரு தேங்காய் உடைத்தேன். ஆனால் சத்தமில்லாத வண்டி வந்து நிற்பது சனத்துக்குத் தெரியவில்லை. ஒருவரும் ஏறவில்லை. பார்த்தார் அண்ணாச்சி, வாசலில் நின்று, "குற்றாலம்! ஐந்தருவி! ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தொட்டில்கள் எல்லாம் மறுபடி அழுதன.

டாக்டரம்மா நேரே எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். "வண்டி வாயை அடைச்சிட்டீங்க, சந்தோஷம். அந்த மனுஷன் வாய்க்கு ஏதாவது சுருள் வச்சிருக்கீங்களா?"

இரும்புக்கு வழி கண்ட எங்களுக்கு அண்ணாச்சியின் தொண்டைக்கு வழி தெரியவில்லை. ஆகவே அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனால், அவர் கூப்பிடுமுன் நீங்களே கையைக் காட்டி ஏறிக்கொள்ளுங்கள், தாயே.