இரண்டு ஊசிக்கும் விழுந்த ஒன்பது அட்டைகள்

ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் நடந்தவை:

1. திருப்பதியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, "அரவ அம்மாயி" என்று கூப்பிட்டு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றார்.

2. மெட்ராஸ் வண்டியில் வந்த தமிழ்ப் பத்திரிகையில், அயல்நாட்டில் ஓர் எலெக்ட்ரானிக் மூளை ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான கூட்டல்களைப் போடுகிறது என்று படித்தேன்.

3. அதை அம்மாளுக்குத் தெலுங்கில் சொன்னேன். அந்த மூளை ஏகாதசி என்றைக்கு என்று சொல்லுமா என்று கேட்டார். திதியைக் கணக்கிடலாம் என்றேன். அது பிராமண மூளையா என்று அடுத்து கேட்டார்.

4. ஊரிலிருந்து நைனாவின் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தபால் கார்டு வந்தது. ஊர்ப் பள்ளியின் தமிழ் வாத்தியாரை மாற்றிவிட்டார்கள். ஜூனிலிருந்து தெலுங்கு வகுப்பு மட்டும்தான். தமிழ்ப் பிள்ளைகள் நாற்பது பேர் இருப்பதாகப் பள்ளி திறப்பதற்குள் கணக்குக் கொடுத்தால் வேறு வாத்தியார் வருவாராம்.

முதல் மூன்றும் ஏறக்குறைய தினமும் நடப்பவை. திருப்பதிக்கு வந்த புதிதில் முதலாவதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. 'அரவம்' என்றால் தெலுங்கில் தமிழ், 'அம்மாயி' என்றால் பெண். அம்மாள் அதை வசவாகச் சொல்லவில்லை, பக்கத்து அறைப் பெண்ணை 'சித்தூர் அம்மாயி' என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் யாரும் என்னை நான் பேசும் பாஷையின் பெயரால் கூப்பிட்டதில்லை. ஒரு பெயர் தேவைப்படுகிற அளவுக்கு அது அங்கே தனியாக நின்றதில்லை.

கப்பலேறிப் போனவர்கள் எழுதுவதை நீங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் படித்திருப்பீர்கள். என் பயணம் நகரியில் ஏறி ரேணிகுண்டாவில் வண்டி மாறுவதோடு முடிந்துவிடும். நகரிக்குத் தெற்கே மூன்று மைலில் இருக்கும் வேலங்குப்பம் எங்கள் ஊர். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, இங்கே ஒரு பெண்கள் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். இந்த ஏப்ரலில் இரண்டு ராஜ்யங்களுக்கும் நடுவே எல்லைக் கோடு மாறியது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே ஆந்திராவில் இருந்தது. மாமா வீடு இரண்டு வயல் தள்ளி மெட்ராஸுக்குப் போய்விட்டது.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இடது பக்கத்தில் விஞ்ஞானச் செய்தி, வலது பக்கத்தில் என் கருத்து. ருஷ்யாவின் செயற்கைச் சந்திரன் 'பீப் பீப்' என்றதற்கு எதிரே, "மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறேன். நிலாவின் மறுபக்கத்தைப் படம் எடுத்ததற்கு எதிரே, "தெளிவில்லை. எங்கள் பி.எஸ்ஸி. குரூப் போட்டோவும் இப்படித்தான்." அன்று எலெக்ட்ரானிக் மூளைக்கு எதிரே எழுதியது: "தப்பாகக் கொடுத்தால் தப்பையும் இதே வேகத்தில் கூட்டும்." எழுதி முடித்தபோது நைனாவின் கார்டு பக்கத்தில் கிடந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு காலை நினைவுக்கு வந்தது.

அப்போது நான் புத்தூர் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். மரியாதையான மனிதர், மோர் வாங்கிக் குடித்தார். தெலுங்கில் பேசினார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் எந்தப் பாஷையில் பேசுகிறாரோ அதிலேயே பதில் சொல்ல வேண்டும். தெலுங்கில் கேட்டவருக்குத் தமிழில் பதில் சொல்வது, வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துப் பேசுவதற்குச் சமம். அன்று அதற்கு மேல் எனக்கு ஓர் ஆசையும் இருந்தது. பள்ளியில் கற்ற இலக்கணத் தெலுங்கை யாரிடமாவது காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லாமல், தெருவில் எழுதப்படிக்கத் தெரியாத வீடுகளுக்கெல்லாம் நானே முன்னால் நின்று தெலுங்கில் பதில் சொன்னேன். வீட்டில் என்ன பாஷை என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். எல்லைக்கு ஊர் ஊராகத் தாய்மொழிக் கணக்குப் பார்த்தார்கள் என்று பின்னால் படித்தேன். எங்கள் ஊர் இந்தப் பக்கம் நின்றதற்கு அந்தக் காலை காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. காரணமில்லை என்று சொல்லவும் இல்லை.

ஆகவே இந்த முறை கணக்கை நான் எடுப்பது என்று அன்றே முடிவு செய்தேன். அதற்கான வழிமுறை கல்லூரி நூலகத்தில் கிடைத்தது. ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில், கணக்கிடும் யந்திரங்களைப் பற்றிய கட்டுரையின் கடைசியில், யந்திரம் வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கெட்டி அட்டை. ஓரத்தில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். அந்தப் பொருள் அந்த ஆளுக்குப் பொருந்தினால் துளைக்கும் ஓரத்துக்கும் இடையிலுள்ள காகிதத்தை வெட்டிவிட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் அடுக்கி, ஒரு துளையில் ஊசியை விட்டுத் தூக்கினால், வெட்டிய அட்டைகள் கீழே விழும். வெட்டாதவை ஊசியில் தொங்கும்.

ஊசிக்குச் சைக்கிள் சக்கரத்துக் கம்பி போதும். கெட்டி அட்டைக்குத்தான் திண்டாடினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகள் நினைவுக்கு வந்தன. கல்லூரியில் எல்லோரிடமும் கேட்டேன். ஒரு வாரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் மேஜையில் குவிந்தன. அந்த வார இறுதியில், ரசாயனப் பிரிவில் வேலை செய்யும் சரோஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை தெலுங்கா அரவமா என்று கேட்டாள். சித்தூர்க்காரி, என் பக்கத்து அறை. நான் என் பத்திரிகைக்கு மாதிரி தேடுகிறேன் என்று ஆய்வுக்கூடம் முழுக்க நினைத்திருந்தார்கள். பிள்ளைகளை எண்ணுவதற்கு என்று விளக்கினேன். கல்யாணத்துக்கு முன்னாலேயா என்றாள்.

மே விடுமுறையில் ஊருக்குப் போனேன். வீடு வீடாக நுழைந்து, பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை, வீட்டில் என்ன பாஷை என்று கேட்டேன். அறுபத்துநான்கு பிள்ளைகள், அறுபத்துநான்கு அட்டைகள். தமிழுக்கு முதல் துளை, தெலுங்குக்கு இரண்டாவது. அன்று சாயங்காலம் நைனாவுக்கு முன்னால் முதல் துளையில் கம்பியை விட்டுத் தூக்கினேன். எல்லா அட்டைகளும் பொத்தென்று விழுந்தன. கம்பியில் ஒன்றுகூட நிற்கவில்லை.

"அவ்ளோதான், ஜெயிச்சிட்டோம்" என்றார் நைனா.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லா அளவும் ஒரே மாதிரி வந்தால் கருவியைச் சந்தேகப்படு என்று மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். செக்கு வைத்திருக்கும் நாகய்யாவின் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தெலுங்கில் சண்டை போடுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர்களும் தமிழ் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான் தமிழில் கேட்டேன், மரியாதையாகத் தமிழில் பதில் சொன்னார்கள். கருவி நான்தான்.

சரிபார்க்க ஒரு வழிதான் இருந்தது. சரோஜாவுக்கு எழுதினேன். மாம்பழம் உண்டு என்று சேர்த்து எழுதியதால் மூன்றாம் நாளே வந்தாள். அதே வீடுகளில் அதே கேள்வியை அவள் தெலுங்கில் கேட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களுக்குத் தெலுங்குதானம்மா என்றார்கள். எங்கள் அண்ணிகூட அப்படித்தான் சொன்னாள். அண்ணிக்குத் தெலுங்கில் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. அந்தப் பத்தையும் சரோஜாவுக்காகச் செலவழித்தாள்.

கேட்டால் தெரியாது என்றால் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாளிலிருந்து நான்கு சாயங்காலங்கள் தெருமுனைக் குழாயருகே நோட்டோடு உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் வேளைக்கு விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடுவார்கள். அப்போது யாருடைய மரியாதைக்காகவும் யாரும் பாஷையை மாற்றிக் கூப்பிட மாட்டார்கள். கிடைத்த அளவு இது: தமிழில் மட்டும் கூப்பிடப்பட்டவர்கள் முப்பத்துநான்கு. தெலுங்கில் மட்டும் இருபத்தொன்று. மீதி ஒன்பது பிள்ளைகளை ஒரு நாள் தமிழிலும் மறு நாள் தெலுங்கிலும் கூப்பிட்டார்கள். சில வேளை ஒரே மூச்சில் இரண்டிலும்.

அந்த ஒன்பதில் இரண்டு முனெம்மாவின் பிள்ளைகள். முனெம்மா மாந்தோப்புகளில் கூலி வேலைக்குப் போகிறவள். பங்காருபாளையம் வரை போய்ப் பத்து நாள் தங்கிக் காய் இறக்கிவிட்டு வருவாள். அவளிடம் நேராகவே போனேன். வீட்டில் நிஜமாக என்ன பேசுவீர்கள் என்றேன்.

"இன்னா பாப்பா, போன வாரம் நீ கேட்ட, தமிழுன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுது, தெலுங்குன்னேன். ரெண்டும் பொய்யி இல்ல."

ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன்.

"அவுங்கப்பன் தெலுங்கு, நான் தமிழு. துன்ன கூப்ட்டா தமிழு, திட்டிக்கினு அடிச்சா தெலுங்கு. எதுல புள்ள வளருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு காதும் புள்ளையிதுதான." பிறகு சற்று யோசித்து, "ஒண்ணுதான் எழுதணும்னா, வாத்தியாரு எதுல வருவாரோ அதுல எழுதிக்கோ. வாத்தியாரு வராம போவப்போறாரு" என்றாள்.

அன்றிரவு சாப்பிடும்போது நைனா கணக்குப் போட்டுவிட்டார். முப்பத்துநான்கு போதாது, ஒன்பதைச் சேர்த்தால் நாற்பத்துமூன்று. "அந்த ஒம்பதையும் தமிழ்லயே போட்டுட்டு குடும்மா. எவன் வந்து கேக்கப்போறான்? உங்கண்ணன் பொண்ணு அடுத்த மாசம் ஸ்கூலுக்குப் போவுது. அது எழுதுற லெட்டர நான் படிக்க வாணாமா?"

நைனாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் ஒரு வீட்டை அதன் வாசலில் நின்றே ஒரு பக்கமாக எழுதிவிட்டுப் போகும் வேலையை நான் ஒரு தடவை செய்தாகிவிட்டது. மாட்டேன் என்றேன். நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதல் துளை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்த இருபத்தொரு தெலுங்கு அட்டைகளுக்குப் பதிலாக, மீந்த பத்திரிகைகளில் புதிதாகச் செய்து இரண்டாவது துளையை மட்டும் வெட்டினேன்; ஒன்பது அட்டைகளில் இரண்டு துளைகளையும் வெட்டினேன். அட்டைகள் எந்தப் பக்கமும் திரும்பிவிடாமல் எல்லாவற்றுக்கும் வலது மூலையைச் சாய்வாக நறுக்கி, நூல் கட்டி, புத்தூரில் கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனேன்.

அதிகாரி ஐம்பது வயதுக்காரர், தெலுங்கு மட்டுமே பேசும் கரையோர ஆந்திர ஜில்லாக்காரர். என் தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் நாற்பத்துமூன்று, தெலுங்கு முப்பது, பிள்ளைகள் மொத்தம் அறுபத்துநான்கு. பென்சிலால் கூட்டினார். எழுபத்துமூன்று வருகிறதே, கூட்டல்கூடத் தெரியாதா என்று தெலுங்கில் கேட்டார். கூட்டல் சரிதான் சார் என்று அட்டைகளைப் பிரித்து, கம்பியை முதல் துளையில் விட்டுத் தூக்கினேன். நாற்பத்துமூன்று விழுந்தன. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி இரண்டாவது துளையில் விட்டேன். முப்பது விழுந்தன. அவர் என் கையிலிருந்து கம்பியை வாங்கித் தானே இரண்டு முறை செய்து பார்த்தார். பக்கத்து மேஜை குமாஸ்தாக்கள் எழுந்து வந்தார்கள். ஒரு அட்டையில் கல்யாணப் பெண்ணாகத் தன் ஒன்றுவிட்ட தங்கையின் பெயர் இருப்பதாக ஒருவர் சொன்னார்.

ஒரு பிள்ளைக்கு எப்படி இரண்டு தாய்மொழி இருக்கும், சர்க்கார் பாரத்தில் ஒரு பிள்ளையை ஒரு பத்தியில்தான் எழுத முடியும் என்றார் அதிகாரி. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உன் தாய்மொழி எது என்று கேட்டார்.

தமிழ் என்றேன்.

"அதைத் தெலுங்கில் சொல்கிறாயே."

"நீங்கள் தெலுங்கில் கேட்டீர்கள், சார். எங்கள் ஊரே அப்படித்தான். அதனால்தான் நான் யாரையும் கேட்காமல் எண்ணினேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் பயந்திருப்பேன். விதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். தமிழ்ப் பிள்ளைகள் நாற்பது பேர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, அவர்கள் தெலுங்கு ஊசிக்கு விழக்கூடாது என்று எழுதவில்லை என்றார். அட்டைகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

திருப்பதிக்குத் திரும்பியதும் வீட்டுக்கார அம்மாள், ஊரில் எல்லோரும் சுகமா என்று தெலுங்கில் கேட்டார். சுகம் என்று தெலுங்கில் சொன்னேன். நோட்டை எடுத்து, எலெக்ட்ரானிக் மூளைக்கு எதிரே இன்னொரு வரி சேர்த்தேன்: "கேள்வியைக் கேட்பவர் யார் என்பதையும் அட்டையில் குறிக்க ஒரு துளை வேண்டும்."

இன்றைய நிலவரம் இது. ஜூலையில் வேலங்குப்பத்துக்குத் தமிழ் வாத்தியார் வந்துவிட்டார். தற்காலிகம்தான், ஒரு வருஷத்துக்கு. அடுத்த மே மாதம் மறுபடியும் எண்ண வேண்டும், எண்ணுவேன். அண்ணன் மகள் 'அ' எழுதிய தாளை நைனா எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். போன வாரம் புத்தூரில் இறங்கி அட்டைகளைத் திரும்பக் கேட்டேன். முப்பத்துநான்கு தமிழ்க் கோப்பில் இருக்கிறது, இருபத்தொன்று தெலுங்குக் கோப்பில் இருக்கிறது. ஒன்பதை மட்டும் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. மஞ்சள் தடவிய அந்த ஒன்பதும், தனியாக நூல் கட்டி, இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் அலமாரியில் நிற்கின்றன.